முந்துவதா, பிந்துவதா?

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து” என்பது நம் வீட்டுப் பாட்டிமார் வாயில் வழங்கும் பழமொழி. இதனைக் கோழையின் வாக்கு என்று எள்ளுவாரும் உளர். சாப்பாட்டுராமனின் வாக்கு என்று நகைப்பாரும் உளர். ஆயினும் சற்றே நின்று எண்ணுவோமாயின், இச்சிறு தொடருக்குள் இரண்டு உண்மைகள் அடங்கியிருப்பது புலப்படும். ஒரு காரியத்தில் யார் முதலில், யார் அடுத்து என்னும் முறையே பலனை மாற்றிவிடும் என்பது ஒன்று. முந்துவது எல்லா இடத்திலும் நன்மையாகாது. இடத்துக்கு இடம் அது மாறும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் கணக்காகவும் சாத்திரமாகவும் ஆராய்ந்த அறிஞர்கள் மேலைநாட்டில் பலர் இருந்தனர். அவர்கள் கண்ட துறைக்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். நான் பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தனாய் அமர்ந்தவன், பண்டிதன் அல்லன். எனினும் நம் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இக்கோட்பாடு அந்நியமானதன்று என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். நம் பாட்டன்மார் இறங்கிய சுரங்கத்துக்கு மின்சாரம் தந்த ஆறே இதற்குச் சான்றாக நிற்கிறது.

துண்டின் பெருமை

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் நம் ஊரார் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று பிழைத்து வருகின்றனர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. வண்டி மாரிக்குப்பத்தில் புறப்படுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து பங்காருப்பேட்டை சேர்கிறது. மாரிக்குப்பத்தில் ஏறுவோர் என்ன செய்கின்றனர்? தாம் அமர்ந்ததோடு நில்லாமல், உரிகத்தில் ஏறப்போகும் மைத்துனனுக்காகப் பக்கத்து இருக்கையில் ஒரு துண்டைப் போட்டுவிடுகின்றனர்.

அந்தத் துண்டுக்கு என்ன வலிமை? சட்டம் அதற்கு ஒரு மதிப்பும் தரவில்லை. ஆயினும் பின்னர் ஏறுபவர் அதனைக் கண்டதும், “இங்கே சண்டையிடுவதைவிட அடுத்த பெட்டி நோக்கிப் போவதே மேல்” என்று எண்ணி நகர்ந்துவிடுகிறார். துண்டு வேலை செய்வதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அது முன்னரே போடப்பட்டிருத்தல் வேண்டும். பிறர் கண்ணில் படுதல் வேண்டும். போட்டவர் அதனை எளிதில் எடுத்துவிட மாட்டார் என்று பிறர் நம்புதல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறுந்துணியே.

இதற்கு நேர்மாறான ஆட்டமும் உண்டு. சிறுவயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு, “ஒற்றையா, இரட்டையா?” என்று ஆடியிருக்கிறோம். அங்கே கையை முதலில் திறந்து காட்டியவன் தோற்றான். முந்துபவனுக்கு அழிவும், பிந்துபவனுக்கு வெற்றியும் தரும் ஆட்டம் அது. பண்டிகை நாளில் அண்ணனும் தம்பியும் அதிரசத்துக்குச் சண்டையிட்டால், “நீ பிட்டு வை, அவன் எடுத்துக்கொள்ளட்டும்” என்பாள் தாய். பிட்டு வைப்பவன் சிறிதும் பெரிதுமாகப் பிட்டால், பின்னவன் பெரியதை எடுத்துக்கொள்வான். ஆதலால் பிட்டு வைப்பவன் தன் நன்மைக்காகவே சமமாகப் பிட்டு வைக்கிறான். நியாய புத்தி எதுவும் கற்பிக்காமலே, முறையை மட்டும் வகுத்து நியாயத்தை வரவழைத்துவிட்டாள் அத்தாய். இதைவிடச் சிறந்த நீதிபதி எங்கே உளர்?

எங்கள் இரயில்வேயிலும் இப்படி ஒன்று உண்டு. ஒற்றை வழிப் பாதையில் இரு முனையிலும் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. இவ்வண்டி செல்ல, அது காத்திருப்பது ஒரு முடிவு. அது செல்ல, இது காத்திருப்பது மற்றொரு முடிவு. இரண்டில் எதுவாயினும், அம்முடிவில் நிற்கும்போது எவரும் தன்னந்தனியே தம் செய்கையை மாற்றிக்கொள்ள விரும்பார். எதிரே வண்டி வருகிறதென்று அறிந்தவன் புறப்பட மாட்டான். எதிர்வண்டி காத்து நிற்கிறதென்று அறிந்தவன் தானும் காத்திருக்க மாட்டான். இவ்வாறு “மற்றவன் அதையே செய்யுமளவும் நானும் இதையே செய்வேன்” என்று இருசாராரும் நிலைத்து நிற்கும் நிலைக்குத்தான் சமநிலை என்று பெயர். ஆனால் இரண்டு சமநிலைகள் இருக்கும்போது எதனைக் கொள்வது? இருவரும் தத்தமக்கு ஏற்றதைக் கொண்டால் நடுவழியில் மோதல். இதற்காகவே நம் முன்னோர் டோக்கன் என்னும் இரும்புப் பந்தை வைத்தனர். பந்து எவர் கையிலோ அவரே செல்லலாம். பந்து ஒன்று, ஆதலின் முறையும் ஒன்று.

சாத்திரம் பிறந்த வரலாறு

1838ஆம் ஆண்டிலேயே கூர்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர், இரண்டு ஊற்றுகளுக்குச் சொந்தக்காரர் இருவர் தண்ணீர் விற்பதாக வைத்து ஒரு கணக்கு எழுதினார். 1934ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஸ்டாக்கல்பர்க், அவ்விருவருள் ஒருவர் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். 1944இல் நாய்மனும் மார்கன்ஸ்டர்னும் இத்துறைக்கு ஒரு பெருநூல் ஆக்கினர். 1950இல் ஜான் நாஷ் என்னும் அமெரிக்க இளைஞர், நான் மேலே கூறிய சமநிலையைப் பொதுவாக நிறுவிக் காட்டினார். 1960இல் தாமஸ் ஷெல்லிங், தன் கையைத் தானே கட்டிக்கொள்வதும் ஒரு வலிமையே என்று விளக்கினார். 1965இல் ரைன்ஹார்ட் செல்டன், வெற்று மிரட்டலைச் சமநிலைக் கணக்கிலிருந்து விலக்கும் வழி கண்டார். நாஷும் செல்டனும், ஹார்சான்யி என்பவரோடு சேர்ந்து 1994இல் நோபெல் பரிசு பெற்றனர். ஷெல்லிங் 2005இல் ஆமன் என்பாருடன் பெற்றார்.

கூர்னோவின் தண்ணீர்க் கணக்கையே நம் ஊர் முறையில் போட்டுப் பார்ப்போம். கோடைக்காலத்தில் நம் தெருவில் குடிநீருக்குப் பட்ட பாடு அனைவரும் அறிந்ததே. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளுக்குச் சொந்தக்காரர் இருவர் சந்தைக்கு நீர் கொண்டுவருவதாகக் கொள்வோம். இருவரும் கொண்டுவரும் குடங்களின் மொத்தத்தை 12லிருந்து கழித்தால் வருவதே ஒரு குடத்தின் விலை ரூபாய். நீர் மிகுந்தால் விலை குறையும் என்பது இதன் கருத்து. குடத்தில் அரையும் காலும்கூடக் கொண்டுவரலாம். நீர் இறைக்கும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டா.

இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வேளையில் வந்தால், ஆளுக்கு 4 குடம் என்பதே சமநிலை. மொத்தம் 8, விலை 4 ரூபாய், ஆளுக்கு வரவு 16 ரூபாய். மற்றவர் 4இல் நிற்கையில், ஒருவர் 5 கொண்டுவந்தால் விலை 3 ஆகி வரவு 15 ஆகும். 3 கொண்டுவந்தாலும் விலை 5 ஆகி வரவு 15தான். எனவே எவரும் அசையார்.

இனி ஒருவர் விடியுமுன் வந்து, 6 குடத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டார் என்று கொள்க. பின்னர் வருபவர் என் செய்வார்? 4 கொண்டுவந்தால் விலை 2; வரவு 8. 2 கொண்டுவந்தால் விலை 4, வரவு 8. 3 கொண்டுவந்தால் விலை 3, வரவு 9. ஆகவே 3 கொண்டுவருவார். முந்தியவருக்கு வரவு 18, பிந்தியவருக்கு 9. முந்தியவர் 5 கொட்டியிருந்தால் பின்னவர் மூன்றரை கொண்டுவந்திருப்பார்; 7 கொட்டியிருந்தால் இரண்டரை. இரண்டிலும் முந்தியவருக்குப் பதினேழரையே மிஞ்சும். ஆதலின் 6 என்பதே அவருக்கு உச்சம். முன் ஏர் போன வழியே பின் ஏர் போகிறது.

இக்கணக்கை அவர் போட்ட முறையைக் கவனிக்க வேண்டும். தாம் செய்வதை முதலில் எண்ணவில்லை; “நான் இன்னது செய்தால் பின்னவன் என்ன செய்வான்?” என்று கடைசியிலிருந்து தொடங்கி, முன்னோக்கித் திரும்பி வந்து, பிறகே தம் குடத்தை எண்ணினார். ஆடுபுலி ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் ஆடு வைக்கும் முறையும் இதுவே.

ஆனால் ஒன்று. தொட்டியில் கொட்டிய நீரைத் திரும்ப எடுக்க இயலாது என்பதனாலேயே அவர் வென்றார். கொட்டாமல் குடத்தோடு காத்து நின்றாராயின், பின்னவர் 3 என்று கண்டதும் தாமும் நாலரைக்குக் குறைக்கவே விரும்புவார். இதனை அறிந்த பின்னவர் 3இல் நிற்க மாட்டார். இருவரும் மெல்ல மெல்ல 4க்கே வந்து சேர்வர். முந்துவது பெரிதன்று; மீளாத வகையில், பிறர் காண முந்துவதே பெரிது. துண்டின் இலக்கணம் இங்கும் அதுவே.

பின்னவர் ஒரு தந்திரம் செய்யலாமே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். “நீர் 3 குடத்துக்கு மேல் கொண்டுவந்தால், விலையே இல்லாமற் போகும் அளவு நானும் கொட்டிவிடுவேன்” என்று அவர் முதல் நாளே மிரட்டலாம். முந்தியவர் அதனை நம்பினால் 3 குடத்தோடு நிற்பார். பின்னவர் நாலரை கொண்டுவந்து இருபதேகால் ரூபாய் பெறுவார். நாஷின் இலக்கணப்படி இதுவும் ஒரு சமநிலையே. மிரட்டலை நம்புமளவும் முந்தியவருக்கு மாறிப் பயனில்லை. ஆயினும் இது மண்குதிரை. முந்தியவர் துணிந்து 6 கொட்டிவிட்டாரானால், பின்னவர் தம் சொல்லைக் காக்கத் தம் 9 ரூபாயை இழப்பாரா? இழக்க மாட்டார். வேளை வரும்போது செய்ய மனம் வராத காரியத்தை முன்கூட்டிச் சொல்லி அச்சுறுத்துவது செல்லாக்காசு. செல்டன் கண்ட வேறுபாடு இதுதான்.

இன்னும் ஒரு செய்தி இக்கணக்கில் மறைந்திருக்கிறது. இருவரும் கூடிப் பேசி ஆளுக்கு 3 குடம் என்று வகுத்துக்கொண்டால் என்ன ஆகும்? மொத்தம் 6, விலை 6 ரூபாய், ஆளுக்கு 18. அதாவது விடியுமுன் ஓடிவந்து முந்தியவர் பெற்ற அதே 18ஐ, உடன்பாட்டின்வழி இருவருமே பெறலாம்! (நீர் வாங்குவோர் பாடு வேறு, அவர்கள் சார்பில் பேச இங்கு ஆளில்லை என்பதையும் மறவாதீர்கள்.) ஆயினும் இவ்வுடன்பாடு தானாக நிற்காது. மற்றவர் 3இல் நிற்கையில் நான் 4 கொண்டுவந்தால் எனக்கு 20 ரூபாய், அவருக்கு 15. ஆசை இருபுறமும் இழுக்கும். ஆதலால் உடன்பாடு நிலைக்க வேண்டுமானால் அளந்து பார்ப்பவரும், மீறினால் கேட்பவரும் வேண்டும். அல்லது நாளையும் மறுநாளும் இதே சந்தையில் முகம் பார்த்தாக வேண்டுமே என்னும் எண்ணம் வேண்டும்.

தங்கவயலுக்கு வந்த காவிரி

இனி ஆற்றுக்கு வருவோம். 1902ஆம் ஆண்டு மைசூர் சமஸ்தானம், காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் அமைத்து, 92 மைல் தொலைவிலுள்ள நம் தங்கவயலுக்குக் கம்பிவழி மின்சாரம் அனுப்பியது. பெங்களூர் நகரமே 1905இல்தான் மின்விளக்குக் கண்டது. காவிரியின் விசையால் சுரங்க எந்திரங்கள் சுழன்றன. அச்சுரங்கங்களில் வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த நம் முன்னோர் உழைத்தனர்.

ஆனால் கோடையில் ஆறு மெலியும், மின்சாரமும் மெலியும். சுரங்கத்துக்கு ஆண்டு முழுவதும் தடையின்றி விசை தரவும், புதிய நிலங்களுக்குப் பாசனம் தரவும், கண்ணம்பாடியில் பெரிய நீர்த்தேக்கம் கட்ட மைசூர் விரும்பியது. 1909இல் தலைமைப் பொறியாளராகி 1912இல் திவானான விசுவேசுவரய்யா அதனை முன்னின்று நடத்தினார்.

இங்கேதான் முறை என்னும் கேள்வி எழுந்தது. நில அமைப்பின்படி மேலே இருப்பவர் முதலில் நகர்பவர். அவர் தேக்கிய பின் எஞ்சியதே கீழே வரும். இயற்கை அவர் கையில் பந்தைக் கொடுத்துவிட்டது. ஆயின் 1892ஆம் ஆண்டு பிப்ரவரி 18இல் மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட உடன்படிக்கை, இம்முறையை மாற்றி வைத்தது. அட்டவணையிலுள்ள ஆறுகளின் குறுக்கே புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டுமுன், சென்னையின் முன் இசைவு பெறுதல் வேண்டும். சென்னையும், முன்னரே அனுபவித்துவரும் உரிமையைக் காக்கும் பொருட்டன்றி அவ்விசைவை மறுத்தலாகாது. அதிரசத்தைப் பிட்டுவைக்கும் தாயின் முறை போன்றதே இது.

மேலே இருப்பவருக்கு இடத்தால் முதன்மை என்றால், கீழே இருப்பவருக்குக் காலத்தால் முதன்மை உண்டு. சோழர் காலத்துக் கல்லணை தொட்டுத் தஞ்சைச் சமவெளி காவிரியால் விளைந்தது. முன்னரே உழுது பயிரிட்டு நிற்கும் வயல் என்பதும் ஒரு துண்டே. ஆகவே ஒரே இருக்கையில் இரண்டு துண்டுகள்: ஒன்று இடத்தால் முந்தியது, மற்றொன்று காலத்தால் முந்தியது. காவிரி வழக்கின் கரு முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும் என்பது என் எளிய கருத்து. இரு சாராரும் தாமே முதல்வர் என்று கூறுவது பொய்யன்று. இருவரும் வெவ்வேறு கடிகாரம் பார்க்கின்றனர்.

1910இல் மைசூர், கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. நீர் தேக்க இசைவு கோரியது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) சென்னை மாகாணம் மேட்டூரில் 80 டி.எம்.சி. அளவில் ஓர் அணைக்குத் தானே திட்டம் வைத்திருந்தபடியால் மறுத்தது. இந்திய அரசாங்கம் தலையிட்டு, மைசூருக்கு 11 டி.எம்.சி. அளவுக்கு மட்டும் அனுமதி தந்தது. 1911இல் வேலை தொடங்கிய மைசூர் என்ன செய்தது? தேக்கப்போவது 11 ஆயினும், கடைக்காலைப் பெரிய அணைக்கே தக்க அளவில் அகலமாகப் போட்டது.

கடைக்கால் ஒரு சொட்டு நீரையும் மிகுதியாகத் தேக்குவதில்லை. ஆனால், “நாளை நாங்கள் உயர்த்தத்தான் போகிறோம், அதற்காகும் செலவில் ஒரு பகுதியை இன்றே மண்ணில் புதைத்துவிட்டோம், இனி மீள்வதற்கில்லை” என்று அது கல்லால் எழுதிக் காட்டியது. தொட்டியில் கொட்டிய நீர் அது. இருக்கையில் போட்ட துண்டு அது. ஷெல்லிங் 1960இல் எழுதியதை, நம் பக்கத்துப் பொறியாளர்கள் ஐம்பதாண்டுக்கு முன்னரே கட்டிக் காட்டினர். இதனைச் சாமர்த்தியம் என்பாரும் உளர். வரம்புமீறல் என்பாரும் உளர். நான் இங்குத் தீர்ப்புக் கூற வரவில்லை. நகர்வின் தன்மையை மட்டும் காட்டுகிறேன்.

சென்னை வழக்கிட்டது. கிரிபின் என்னும் நடுவர் விசாரித்து 1914இல் தீர்ப்பளித்தார். சென்னை அதனை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது. நெடுநாள் பேச்சுக்குப் பின், 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 18இல், முதல் உடன்படிக்கை கையொப்பமான அதே நாளில், இரண்டாம் உடன்படிக்கை பிறந்தது. மைசூர் கண்ணம்பாடி அணையைக் கட்டி 1,25,000 ஏக்கர் வரை புதுப்பாசனம் செய்யலாம். சென்னை மேட்டூர் அணையைக் கட்டி 3,01,000 ஏக்கர் வரை புதுப்பாசனம் செய்யலாம். மேலிருந்து நீர்விடும் அளவுக்கு விதிகள் உண்டு. மேட்டூர் வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. ஸ்டாக்கல்பர்க் தம் நூலை வெளியிட்ட அதே ஆண்டு!

மேட்டூர் அணையை நோக்குங்கால், பிந்தியவரின் அறிவும் புலப்படுகிறது. மேலே உள்ளவர் முந்திவிட்டார் என்று கையைப் பிசைந்து நிற்காமல், வெள்ளக் காலத்தில் வழிந்தோடி வருவதைத் தம் எல்லைக்குள் 93 டி.எம்.சி.க்கு மேல் தேக்கிக்கொள்ளும் கலத்தைச் செய்துகொண்டனர். மேலே ஒரு கலம், கீழே அதனினும் பெரியதொரு கலம், நடுவே ஒரு விதி. இது ஒரு சமநிலை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நின்றது.

உடன்படிக்கையில் 50 ஆண்டுக்குப் பின் சில பிரிவுகள் மறுபரிசீலனைக்குரியன என்று எழுதியிருந்தது. அதாவது ஆட்டத்தின் கடைசி நாள் முன்னரே தெரிந்துவிட்டது. கடைசி நாள் தெரிந்த ஆட்டத்தில் என்ன நிகழும்? திரும்பி எண்ணுபவர், 1974க்குள் தம் நிலையை உறுதிப்படுத்திக்கொள்ளவே முயல்வார். மேலே ஹேமாவதி, ஹாரங்கி, கபினி நீர்த்தேக்கங்கள் எழலாயின. கீழே பாசனப் பரப்பு விரிந்திருந்தது. ஒருவர் துண்டு கல்லால் ஆனது. மற்றவர் துண்டு நெல்லால் ஆனது. உடன்படிக்கை முழுவதும் முடிந்ததா, சில பிரிவுகளே முடிந்தனவா என்று வழக்கு வளர்ந்தது.

1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விடுமாறு இடைக்கால ஆணை பிறந்தது. 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு வந்தது: 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தித் தமிழ்நாட்டுக்கு 404.25 என்றும், கர்நாடகத்துக்கு 284.75 என்றும் வகுத்தது. அவ்வாண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. மழை நன்கு பொழிந்த ஆண்டுகளில் இவை எவர் நினைவிலும் வருவதில்லை. வறண்ட ஆண்டில்தான் 3 குடத்துக்காரருக்கு 4 குடத்தின் மேல் ஆசை எழுகிறது. அவருடைய வயலும் காய்கிறதன்றோ? பற்றாக்குறையை விகிதப்படி பகிர்க என்று தீர்ப்புச் சொன்னாலும், விகிதத்தை அளக்கும் கோலைப் பற்றியே 2012இலும் 2016இலும் 2023இலும் வழக்காடினர். அளப்பவரும் கேட்பவரும் இல்லாத உடன்பாடு நில்லாது என்று தண்ணீர்க் கணக்கில் கண்டோம். அந்த ஆணையம் வேண்டியதாயிருந்தது ஏன் என்பதற்கு விடை அதுவே.

வாசலில் வந்து அமர்ந்தவர்

இவையெல்லாம் நமக்கு ஏட்டுச் செய்தி அல்ல. 1991 டிசம்பரில் பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர் வீடுகள் பட்ட பாட்டை மூத்தோர் அறிவர். நான் அப்போது தொட்டிற் குழந்தை. என் தாயார் விளக்கை அணைத்துவிட்டு என் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக் கூறுவார். 2016 செப்டம்பர் 12இல் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன, ஊரடங்கு வந்தது. அன்று மாலை நம் ஊர் நடைமேடையில், வேலைக்குச் சென்ற மகனுக்காகவும் மகளுக்காகவும் காத்து நின்ற பெற்றோரை நான் கண்டேன். வண்டி வந்து நின்றபோது ஒருவரும் பேசவில்லை. இறங்கியவர்களை எண்ணிக்கொண்டு வீடு திரும்பினர்.

எங்கள் தெருவில் கன்னடம் பேசும் குடும்பங்களும் உண்டு. அன்றிரவு இருபுறமும் கதவுகள் அடைத்திருந்தன. “அவர்கள் திறக்காதபோது நாம் ஏன் திறப்பது?” என்று நாங்கள் எண்ணினோம், அவர்களும் அவ்வாறே எண்ணியிருப்பர். எவரும் தன்னந்தனியே மாற விரும்பாத நிலை அது. இலக்கணப்படி அதுவும் ஒரு சமநிலையே. சமநிலை என்றால் நன்மை என்று பொருளில்லை. அச்சமும் ஒரு சமநிலையாய் உறைந்துவிடக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஒன்பது மணி அளவில் எதிர்வீட்டுப் பெரியவர், சுரங்கத்தில் என் தகப்பனாரோடு ஒரே முறையில் வேலை பார்த்தவர், தம் கதவைத் திறந்து, நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து எங்கள் வாசலில் போட்டு அமர்ந்தார். “ஒரு டம்ளர் காப்பி கொடம்மா” என்றார் என் தாயாரிடம், தமிழில். வேறொன்றும் சொல்லவில்லை. தெருவெல்லாம் அதனைக் கண்டது. கண்ட பிறகு அவர் எழுந்து போவதற்கில்லை. நாங்கள் கதவை அடைப்பதற்குமில்லை. சிறிது நேரத்தில் மூன்றாம் வீடு திறந்தது. பிறகு ஐந்தாம் வீடு. பதினோரு மணிவரை தெருவில் பேச்சுக்குரல் கேட்டது.

அவர் கூர்னோவைப் படித்தவரல்லர். ஷெல்லிங்கின் பெயரும் கேட்டவரல்லர். ஆனால் முந்துவது எப்போது, எவ்வாறு என்பதை அறிந்திருந்தார். பிறர் காணும்படி, மீளாத வகையில், நாற்காலியோடு முந்தினார். மற்றவர்க்கு இடமில்லாமற் செய்வதற்குப் போடும் துண்டு ஒன்று. மற்றவர்க்கு இடமுண்டாக்கப் போடும் நாற்காலி மற்றொன்று. இரண்டுக்கும் சாத்திரம் ஒன்றே.

ஆதலின் அன்பர்களே, பாகப்பிரிவினையாயினும், பெண் கேட்டுப் போவதாயினும், சங்கத் தேர்தலாயினும், ஒரு காரியத்தில் இறங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் முதலில் நகர்பவர் யார்? அவர் நகர்ந்ததை மற்றவர் காண்பாரா? நகர்ந்தபின் மீளக் கூடுமா? மற்றவர், தம் முறை வரும்போது, சொன்னதைத்தான் செய்வாரா, தமக்கு நன்மையானதைச் செய்வாரா? இந்நான்குக்கும் விடை கண்டவர், பந்தி எது, படை எது என்பதை அறிவார்.

எதிர்வீட்டுப் பெரியவர் சென்ற ஆண்டு காலமானார். அந்த நாற்காலியை அவர் மகன் எங்களிடம் கொடுத்துவிட்டார். அது இன்றும் எங்கள் வாசலில்தான் கிடக்கிறது.